பந்து அவர் காலில், பட்டியல் யார் கையில்?

கிளப்புக்காக ஆடும்போது மழையெனக் கோல் பொழிகிறான். நாட்டின் சட்டையை மாட்டியதும் வறண்டு போகிறான். கால்பந்தாட்டம் நடக்கும் நாடுகளிலெல்லாம் முன்வரிசை ஆட்டக்காரன்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு இது. ஆலைச் சங்கு ஊதி வீடு திரும்பும் வழியில், தேநீர்க்கடை வாசலில் நம் தோழர்களும் இந்த வழக்கை நடத்துகிறார்கள். தீர்ப்புக்கு நெடுநேரம் பிடிப்பதில்லை. கால் நடுங்குகிறது என்பார் ஒருவர். நாட்டுப்பற்று இல்லை என்பார் இன்னொருவர். கூலி கொடுக்கும் கிளப்புக்குத்தான் உடல் வளையும் என்பார் மூன்றாமவர். குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் எப்போதும் ஆட்டக்காரன்தான். அணியைப் பொறுக்கி எடுத்த பெரிய மனிதர்களைச் சாட்சிக் கூண்டுக்குக்கூட எவரும் அழைப்பதில்லை.

நாம் அழைக்கப் போகிறோம். அதற்காகப் பிரேசில் நாட்டு ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கையைத் தோழர்கள் முன் வைக்கிறோம். ஆர்தர் பிரீடன்ரைக் என்பது அவர் பெயர். கிளப்புகளுக்காக அவர் அடித்த கோல்கள் ஐந்நூறுக்கும் மேல். நாட்டுக்காக அடித்தவை? பிரேசிலில் வழங்கும் கணக்குப்படி 23 ஆட்டங்களில் 10. பத்தே பத்து! வெறும் எண்ணை மட்டும் பார்ப்பவர் இந்த மனிதருக்குத் தண்டனை எழுதிவிடுவார். எண்ணுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க விரும்புபவர் நம்மோடு 1892ஆம் ஆண்டுக்கு வரவேண்டும்.

அந்த ஆண்டு சூலை 18ஆம் நாள், சாவோ பாலோ நகரில் பிரீடன்ரைக் பிறந்தார். தந்தை ஆஸ்கார், செர்மானிய வழிவந்த வணிகர். தாய் மாத்தில்தே, கறுப்பினப் பெண். பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888ஆம் ஆண்டு மே 13ஆம் நாள். அதாவது, மனிதனை மனிதன் சந்தையில் விலைபேசி வாங்குவது குற்றம் என்று அந்த நாடு ஒப்புக்கொண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் ஒரே நாளில் மாறியது. மனம்? அது அவ்வளவு வேகமாக மாறிவிடுமா? விலங்கு கழன்றது, விலங்கு பூட்டிய கையின் பழக்கம் கழலவில்லை.

அவர் பிறந்த இரண்டு ஆண்டுகளில், 1894ல், இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய சார்லஸ் மில்லர் என்பவர் பந்தும் ஆட்ட விதிப் புத்தகமும் கொண்டுவந்து சாவோ பாலோவில் கால்பந்தாட்டத்தைப் பரப்பினார். இன்று சேரிச் சந்துகளிலெல்லாம் குழந்தைகள் உதைக்கும் அந்தப் பந்து, அன்று சீமான்களின் தோட்டத்துப் பொருள். கிளப்பில் சேரப் பணம் வேண்டும், குடும்பப் பெயர் வேண்டும், தோல் வெளுத்திருக்க வேண்டும். கறுப்பர்கள் மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். பிரீடன்ரைக் மட்டும் எப்படி உள்ளே போனார்? தந்தையின் பெயர்தான் அனுமதிச் சீட்டு. 1909ல் அவரைச் சேர்த்துக்கொண்ட கிளப்பின் பெயரே செர்மானியா. செர்மானியக் குடியேறிகள் நடத்திய கிளப் அது. மாநிறம், பச்சைக் கண், சுருண்ட முடி. பாதி கதவு திறந்தது. அந்தப் பாதிக் கதவின் வழியே அவர் உடலைச் சாய்த்து நுழைந்தார்.

சுருண்ட முடி என்றோமே, அதற்கு ஒரு கதை உண்டு. பிரேசில் கால்பந்தாட்டத்தில் கறுப்பரின் நிலைபற்றி 1947ல் மாரியோ ஃபில்யோ என்ற பத்திரிகையாளர் ஒரு நூல் வெளியிட்டார். ஆட்டத்துக்கு முன் பிரீடன்ரைக் தலையில் எண்ணெய் தடவி, துண்டை இறுகக் கட்டி, முடியை நேராக்கிப் படியவைக்க நெடுநேரம் செலவிடுவார் என்று அதில் எழுதியிருக்கிறார். எல்லாரும் மைதானத்தில் இறங்கிய பிறகே அவர் கடைசியாக வருவாராம். அதே காலத்தில் ரியோ நகரில் கார்லோசு ஆல்பெர்ட்டோ என்ற கலப்பின ஆட்டக்காரர் முகத்தில் மாவு பூசிக்கொண்டு ஆட வந்தார் என்பதும் அந்நாட்டார் அறிந்த கதை. வியர்வை வழிந்தால் மாவும் வழியும். சிலருக்கு இது சிரிப்பாக இருக்கலாம். நமக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரி அணியின் தடுப்பாட்டக்காரனைச் சமாளிக்கும் முன்பே, கண்ணாடியில் தெரியும் தம் உருவத்தைச் சமாளிக்க வேண்டியிருந்த மனிதர்கள் அவர்கள்.

மைதானத்தில் இறங்கிவிட்டால் அவர் வேறு மனிதர். ஒல்லியான உடல், முட்டி மோதி வெல்லும் பலம் இல்லை. எனவே மூளையை நம்பினார். இடுப்பை ஒருபுறம் அசைப்பார், பந்து மறுபுறம் போகும். ஐரோப்பியர் நேர்கோட்டில் உதைத்த காலத்தில், பந்தை வளைத்து அடிப்பதில் பேர் பெற்றார். சாவோ பாலோ மாநிலப் போட்டியில் அதிகக் கோல் அடித்தவர் என்ற இடத்தை 1912 முதல் 1929 வரை 9 முறை பிடித்தார். இருபது வயதில் முதலிடம், முப்பத்தேழு வயதிலும் முதலிடம் என்றால், அந்தக் கால் எப்படிப்பட்ட கால் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

1914ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் ரியோ நகரில் பிரேசிலின் முதல் தேசிய அணி களம் இறங்கியது. எதிர்த்து ஆடியது இங்கிலாந்திலிருந்து வந்த எக்சிட்டர் சிட்டி என்ற கிளப். பிரேசில் 2 கோல் அடித்து வென்றது. பிரீடன்ரைக் கோல் அடிக்கவில்லை. இரண்டு பற்களை இழந்தார். இரத்தம் ஒழுகும் வாயோடு ஆட்டத்தைத் தொடர்ந்தார். பிரேசில் தேசிய அணியின் வரலாறு இந்த ஆட்டத்தில்தான் தொடங்குகிறது. நாட்டுப்பற்று இல்லாதவன் என்று முன்வரிசை ஆட்டக்காரனைத் தூற்றுவோர் அந்த இரண்டு பற்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். அன்று ஆட்டத்துக்குக் கூலியும் கிடையாது.

இனி 1919க்கு வருவோம். தென் அமெரிக்க நாடுகளின் வாகையர் போட்டி ரியோவில் நடந்தது. முந்திய ஆண்டே நடந்திருக்க வேண்டியது. உலகைச் சூறையாடிய விஷக் காய்ச்சல் ரியோவையும் சுடுகாடாக்கியதால் தள்ளிப் போனது. முதல் ஆட்டத்தில் சிலி நாட்டுக்கு எதிராக பிரேசில் 6 கோல் அடித்தது. அதில் மூன்று பிரீடன்ரைக் அடித்தவை. இறுதியில் பிரேசிலும் உருகுவேயும் சமமாக நின்றன. ஒன்றையொன்று மீண்டும் சந்தித்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று.

மே 29. லாரஞ்செய்ராசு மைதானம். தொண்ணூறு நிமிடம் முடிந்தது, கோல் இல்லை. முப்பது நிமிடம் கூட்டினார்கள். அதிலும் கோல் இல்லை. மீண்டும் முப்பது நிமிடம்! இன்றைய ஆட்டக்காரருக்குப் பாதியில் இளைப்பாற மாற்று ஆள் உண்டு. அன்று அதெல்லாம் இல்லை. தொடங்கிய பதினொருவரே முடிக்க வேண்டும். ஆலையில் ஒரு ஷிப்டு முடிந்து இன்னொரு ஷிப்டும் பார்க்கச் சொன்னால் உடல் என்ன பாடுபடும் என்பது நம் தோழர்களுக்குத் தெரியும். அந்த மூன்றாம் தவணை தொடங்கிய சில நிமிடங்களில், ஆட்டத்தின் 122ஆம் நிமிடத்தில், பந்து பிரீடன்ரைக்கின் காலுக்கு வந்தது. அடித்தார். வலை அதிர்ந்தது. 150 நிமிட ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அது. பிரேசில் முதல் முறையாகத் தென் அமெரிக்க வாகை சூடியது.

பெரிய இசைஞர் பிஷிங்கின்யா அந்த வெற்றியைக் கொண்டாடி, ஒன்றுக்குப் பூச்சியம் என்றே பெயரிட்டு ஓர் இசைப்பாடு அமைத்தார். கோல் அடித்த காலணியை நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டினார்கள் என்பார்கள். தோற்ற உருகுவே நாட்டாரே அவருக்குப் புலி என்று பட்டம் தந்தார்கள். கறுப்புத் தாய் பெற்ற மகன், பிரேசில் நாடு முழுவதும் போற்றும் முதல் கால்பந்து வீரனானான்.

அத்துடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்போம் அல்லவா? காலணி கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. காலுக்கு உரியவர் எங்கே போனார்?

1920ல் சிலி நாட்டில் போட்டி. பிரேசில் அனுப்பிய அணியில் பிரீடன்ரைக் இல்லை. உருகுவே 6 கோல் அடித்து பிரேசிலை மண்ணைக் கவ்வ வைத்தது. திரும்பும் வழியில் ஆர்சென்டினாவின் தலைநகரான புவெனஸ் அயர்சில் தங்கினார்கள். அங்கே ஒரு பத்திரிகை பிரேசில் ஆட்டக்காரர்களைக் குரங்குகளாக வரைந்து வெளியிட்டது. மனம் கொதித்த ஆட்டக்காரர் சிலர் அன்று களம் இறங்க மறுத்தார்கள். நியாயமான கோபம். ஆனால் பிரேசிலை ஆண்டவர்களுக்கு வந்த கோபம் எத்தகையது தெரியுமா? இழிவு செய்தவன்மீது கோபம் வரவில்லை. இழிவுக்கு ஆளானவனின் நிறத்தின்மீது வந்தது!

1921ல் போட்டி அதே புவெனஸ் அயர்சில். குடியரசுத் தலைவர் எபித்தாசியோ பெசோவா, கறுப்பரையும் கலப்பினத்தாரையும் அணியில் சேர்க்கக் கூடாது, நாட்டின் மானம் போய்விடும் என்று கருதினார் என்பது அந்நாட்டு வரலாற்று நூல்கள் பலவற்றில் உள்ள செய்தி. பிரீடன்ரைக் இல்லாத அணி கப்பலேறியது. ஆர்சென்டினாவிடம் தோல்வி, உருகுவேயிடம் தோல்வி, பராகுவேயிடம் மட்டும் வெற்றி. அந்த ஆண்டு சாவோ பாலோ மாநிலப் போட்டியில் அதிகக் கோல் அடித்தவர் யார் என்று பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். பிரீடன்ரைக்! ஊரில் கோல் மழை, நாட்டு அணியில் இடமில்லை. நிறம் பெரிய காரணமா, ரியோ நகரத்து நிர்வாகிகளுக்கும் சாவோ பாலோ நிர்வாகிகளுக்கும் இருந்த பகை பெரிய காரணமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். நிறமானாலும் பகையானாலும், அந்தக் காரணம் கோல் கம்பங்களுக்கு நடுவே இல்லை. நாற்காலிகளுக்கு நடுவே இருந்தது.

இங்கே சற்றே விலகி, ரியோ நகரின் வாஸ்கோ ட காமா கிளப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போர்த்துக்கீசிய வணிகர்கள் நிறுவிய கிளப் அது. கறுப்பர், கலப்பினத்தார், ஏழை உழைப்பாளிகள் என்று திறமை உள்ளவரையெல்லாம் சேர்த்துக்கொண்டு 1923ல் ரியோ வாகையைத் தட்டிச் சென்றது. சீமான் கிளப்புகள் பொறுத்துக்கொள்ளுமா? 1924ல் தமக்கென்று புதிய சங்கம் அமைத்தன. வாஸ்கோ அதில் சேர வேண்டுமானால் 12 ஆட்டக்காரரை நீக்கவேண்டும் என்றன. சொன்ன காரணம், அவர்களுடைய தொழிலும் படிப்பும் தகுதிக்குக் குறைவு என்பது! பந்து உதைக்கக் கையெழுத்து எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. வாஸ்கோவின் தலைவர் நீக்க மறுத்துக் கடிதம் எழுதிவிட்டு வெளியே நின்றார். அந்தக் கடிதத்தை அந்தக் கிளப் இன்றும் பெருமையோடு போற்றுகிறது. ஒரு நாட்டின் கோல் கணக்கு ஏன் குறைகிறது என்று ஆராய்பவர், ஆட அனுமதிக்கப்படாதவர்கள் அடிக்காமல் போன கோல்களையும் எண்ண வேண்டுமல்லவா? அவற்றை எந்தப் புள்ளிவிவரக்காரரும் எண்ணுவதில்லை.

பிரீடன்ரைக்கிடம் திரும்புவோம். 1922ல் பிரேசில் மீண்டும் வாகை சூடிய அணியில் அவர் இருந்தார். 1925ல் தம் கிளப்பான பாலிஸ்தானோவோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். மார்ச் 15ஆம் நாள் பாரிஸ் நகரில் பிரெஞ்சு அணியை 7க்கு 2 என்று தோற்கடித்தார்கள். பத்து ஆட்டங்களில் ஒன்பது வெற்றி. ஐரோப்பியப் பத்திரிகைகள் வியந்து எழுதின. பாரிஸ் பார்த்தது புலியின் பாய்ச்சலை! ஆனால் தோழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பயணத்தில் அடித்த கோல்கள் நாட்டுக் கணக்கில் ஏறா. அது கிளப்பின் பயணம். பிரெஞ்சு அணியின் வலையிலேயே பந்தைப் போட்டாலும், பேரேட்டில் வேறு பக்கத்தில்தான் எழுதுவார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 25, கிறித்துமசு நாள். புவெனஸ் அயர்சில் ஆர்சென்டினாவை எதிர்த்து பிரேசில் ஆடியது. பிரீடன்ரைக் ஒரு கோல் அடித்தார். ஆட்டம் முரட்டுத்தனமாகி, கைகலப்பில் முடிந்து, கூட்டம் உள்ளே பாய்ந்து, சற்று நேரம் நின்று மீண்டும் நடந்தது. இறுதியில் இரு தரப்பும் இரண்டு கோல். வாகை ஆர்சென்டினாவுக்கு.

அதன் பிறகு? 1926ல் பிரேசில் அணி எந்த நாட்டை எதிர்த்து ஆடியது? ஒன்றையும் இல்லை. 1927ல்? இல்லை. 1928ல், 1929ல்? வந்துபோன அயல்நாட்டுக் கிளப்புகளோடு சில ஆட்டங்கள், அவ்வளவுதான். 1925 டிசம்பர் 25 முதல் 1930 சூலை 14 வரை, நான்கரை ஆண்டுகள், பிரேசில் எந்த நாட்டின் அணியையும் எதிர்த்து ஆடவில்லை. அந்த நான்கரை ஆண்டில் பிரீடன்ரைக் சாவோ பாலோவில் மூன்று முறை அதிகக் கோல் அடித்தவர். ஏரியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது, மதகைத் திறக்கவில்லை. வயல் காய்ந்ததற்கு ஏரி பொறுப்பா?

1930ல் உருகுவேயில் முதல் உலகக் கோப்பை. பிரேசிலுக்கு அழைப்பு வந்தது. தேசிய அணியை ஆட்டிவைக்கும் குழுவில் சாவோ பாலோ சங்கம் தன் ஆளுக்கு ஓர் இடம் கேட்டது. ரியோவில் இருந்தவர்கள் கொடுக்கவில்லை. சாவோ பாலோ தன் ஆட்டக்காரரை அனுப்ப மறுத்தது. தன் கிளப்போடு பிணங்கியிருந்த அராக்கன் என்ற ஒருவர் மட்டும் சாவோ பாலோவிலிருந்து போனார். ஒரு நாற்காலி! ஒரே ஒரு நாற்காலிக்காக ஒரு மாநிலத்தின் ஆட்டக்காரர் அத்தனைபேரும் வீட்டில் இருந்தார்கள். முப்பத்தெட்டை எட்டிய பிரீடன்ரைக்கும் இருந்தார். பிரேசில் முதல் ஆட்டத்தில் யூகோசுலாவியாவிடம் 2க்கு 1 என்று தோற்றது. பொலிவியாவை 4 கோலில் வென்றும் பயனின்றி ஊர் திரும்பியது. உலகக் கோப்பையில் பிரீடன்ரைக் அடித்த கோல் எத்தனை என்று கேட்டால், பூச்சியம் என்று எழுதுவார்கள். உண்மைதான். ஆடிய நிமிடமும் பூச்சியம் என்பதைப் பக்கத்தில் எழுதுவார்களா?

ஒரு மறுப்பை நாம் மறைக்கப் போவதில்லை. கிளப்பில் ஆட்டத்துக்கு ஒரு கோல் என்ற அளவில் அடித்தவர், நாட்டுக்கு ஆடியபோது இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கோலுக்கும் குறைவாகத்தானே அடித்தார் என்று கேட்பார்கள். கேட்கட்டும். சாவோ பாலோ போட்டியில் வலுத்த அணியும் உண்டு, நலிந்த அணியும் உண்டு. பிரேசில் சந்தித்ததோ பெரும்பாலும் உருகுவேயையும் ஆர்சென்டினாவையும். 1924லும் 1928லும் ஒலிம்பிக் தங்கம் வென்ற உருகுவே அது! கிளப்பில் ஆண்டு முழுதும் கூடவே ஆடிய தோழனுக்கு இவர் ஓடும் திசை தெரியும். நாட்டு அணியிலோ, ஒருவருக்கொருவர் பகைத்த இரு நகரங்களின் ஆட்கள் சில நாள் பழக்கத்தோடு களம் இறங்கினார்கள். முன்வரிசையில் நிற்பவனின் கோலுக்குப் பின்னால் பத்துப்பேர் உழைப்பு இருக்கிறது. அந்தப் பத்துப்பேரும் பழகாதவர்களானால் பந்து எப்படி வரும்? 1925க்கு முன் இருந்த ஆஃப்சைடு விதி கடுமையானது என்பார் சிலர். உண்மை, கடுமையானதே. ஆனால் அதே விதிக்குள்தான் அவர் கிளப்பில் அடித்துக் குவித்தார். ஆகவே விதி குற்றவாளி ஆகாது.

இன்னொரு கணக்கும் போடுவோம். 1914 முதல் 1930 வரை பதினாறு ஆண்டு. ஆட்டம் 23. ஆண்டுக்கு ஒன்றரைகூட இல்லை. பின்னாளில் பெலே 1957 முதல் 1971 வரை பிரேசிலுக்காக 92 ஆட்டங்கள் ஆடி 77 கோல் அடித்தார். பெலேயின் திறமையைக் குறைப்பது நம் நோக்கமல்ல; குறைக்கவும் முடியாது. ஆனால் பெலேக்கு விமானம் இருந்தது, ஆட்ட அட்டவணை இருந்தது, அவரை ஏற்றுக்கொண்ட நாடும் இருந்தது.

பிரீடன்ரைக்கைக் குறையில்லாத போராளியாகக் காட்டவும் நாம் முயலவில்லை. சீமான்களின் பாலிஸ்தானோவில்தான் அவர் பெரும்பாலும் ஆடினார். 1921ல் ஒதுக்கப்பட்டபோது கொடி பிடித்துப் புறப்படவும் இல்லை. எண்ணெய் தடவிய தலையோடு பொறுத்துப் போனார். அவர் துப்பாக்கி ஏந்தியது 1932ல், சாவோ பாலோ மாநிலம் நடுவண் அரசை எதிர்த்துக் கிளர்ந்தபோது. தம் பதக்கங்களையும் போர் நிதிக்குக் கொடுத்தார். கிளர்ச்சி மூன்று மாதத்தில் அடங்கிற்று.

1933 மார்ச் 12ஆம் நாள், பிரேசிலில் ஆட்டக்காரருக்கு வெளிப்படையாகக் கூலி கொடுத்து நடந்த முதல் ஆட்டம். சாவோ பாலோ அணி சாண்டோசை 5க்கு 1 என்று வென்றது. முதல் கோல் அடித்தவர் நாற்பது வயதுப் பிரீடன்ரைக். கால் நூற்றாண்டாக உழைத்தவருக்கு, ஓய்வு பெறும் வயதில் ஊதியம் வந்தது. உழைத்தால் கூலி என்பது ஆடுகளத்தில் சட்டமான பிறகே ஆலையிலும் தெருவிலும் இருந்த ஏழைப் பிள்ளைகள் அணிகளில் நிரம்பினார்கள். 1938 உலகக் கோப்பையில் 7 கோல் அடித்து முதலிடம் பெற்ற லியோனிடாசு கறுப்பர். பிரீடன்ரைக் 1935ல் ஆட்டத்தை விட்டார்.

அவர் அடித்த கோல் 1,329 என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். மகன் அடித்ததைத் தந்தை ஏட்டில் குறித்து வந்தாராம். அந்த ஏடுகள் கிடைக்கவில்லை. 1999ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி நூல் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி 561 ஆட்டங்களில் 554 என்று கண்டது. எண்ணிக்கை சுருங்கியதே என்று சிலர் வருந்தினார்கள். நாம் வருந்தவில்லை. ஏறக்குறைய ஆட்டத்துக்கு ஒன்று என்பதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்?

1969ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் சாவோ பாலோவில் அவர் மறைந்தார். வயது 77. அடுத்து வந்த நவம்பர் 19ஆம் நாள், ரியோவின் மாரக்கானா மைதானத்தில் பெலே தம் ஆயிரமாவது கோலை அடித்தார். எதிர்த்து ஆடிய அணி வாஸ்கோ ட காமா.